மேசியாவுக்கு ஒரு டூ-பி பென்சில்

பதினெட்டாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஹேண்டலின் 'மேசியா'தான் இந்த டிசம்பருக்கு என்று எங்கள் கொயரில் முடிவானதுமே எனக்கு வேலை வந்துவிட்டது. இங்கிலாந்தில் நாங்கள் இருக்கிற சிறிய ஊரின் கொயர், அதாவது சேர்ந்து பாடுகிற குழு, இது. யாரும் சேரலாம், குரல் பரீட்சை எல்லாம் கிடையாது. பள்ளி ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற நர்சுகள், ஒரு பிளம்பர், ஆல்ட்டோவில் (பெண்களின் கீழ்க்குரல்) யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், டெனரில் (ஆண்களின் மேல்குரல்) பாளையங்கோட்டை சர்ச் கொயரில் வளர்ந்த நான். இசைப் புத்தகங்களைத் தேடி வாங்கி, கொடுத்து, திரும்பச் சேர்க்கிற லைப்ரரியன் பொறுப்பும் என் தலையில்தான். எங்களைப் போல வாரம் ஒரு மாலை கூடுகிற குழு இத்தனை பெரிய ஒரட்டோரியோவை (வேத வசனங்களுக்குத் தனிக்குரல், கொயர், வாத்தியங்கள் சேர்ந்த நீண்ட இசை) எப்படி நிமிர்த்துகிறது என்று எழுதி வைத்தால், அடுத்து இறங்குகிறவர்களுக்கு உதவும். என் கட்சி ஒன்றுதான்: பாதி வேலை தொண்டையில், மீதிப் பாதி பென்சிலில்.

முதல் சிக்கல் புத்தகம். நொவெல்லோ நிறுவனம் 1846-இல் மேசியாவை மலிவாக அச்சடித்து விற்றது. அதற்குப் பின் இந்த நாட்டில் கொயர் பழக்கம் உள்ள குடும்பங்களில் இந்தப் புத்தகம் கைமாறிக்கொண்டே வருகிறது. எங்கள் முதல் ஒத்திகையில் ஒருவர் கையில் தாத்தா பாடிய எபனேசர் பிரவுட் பதிப்பு, 1902. பலரிடம் 1959-இல் வந்த வாட்கின்ஸ் ஷா பதிப்பு. ஒருவர் பேரன்ரைட்டர் பதிப்பு வைத்திருந்தார். கையசைத்துக் கொயரை நடத்துகிற கண்டக்டர் ஒரு பக்க எண்ணைச் சொன்னதும் ஆளுக்கொரு பாட்டைத் திறந்தார்கள். பக்கம் மட்டும் இல்லை, பாட்டின் வரிசை எண்ணே பதிப்புக்குப் பதிப்பு மாறும். நோட்டுக்கு அடியில் சொல்லை வைத்திருக்கிற விதமும் சில இடங்களில் வேறு. தாத்தா புத்தகத்தை நெஞ்சோடு அணைத்து வைத்திருப்பவரிடம் 'இது வேண்டாம்' என்று சொல்வது சங்கடம். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். எல்லாருக்கும் ஷா பதிப்பு என்று முடிவு செய்து, கவுண்ட்டி நூலகத்திலிருந்து குறைகிற பிரதிகளைக் கட்டாக இரவல் வாங்கினோம். ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு எண், யாரிடம் எது என்று ஒரு நோட்டு. அப்புறம் பக்க எண்ணே பேசக் கூடாது என்று சட்டம்: பாட்டு எண், பார் (தாளக் கட்டம்) எண், அவ்வளவுதான்.

அடுத்தது வெட்டு. முழுதாகப் பாடினால் இரண்டரை மணி நேரத்துக்குப் பக்கத்தில் வரும், இடைவேளை தனி. தேவாலயத்தை இரவு பத்துக்குப் பூட்ட வேண்டும். முதல் பாகத்தில் கை வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. இரண்டாம் பாகத்தில் 34 முதல் 36 வரை, மூன்றாம் பாகத்தில் 49 முதல் 52 வரை விட்டோம். பல காலமாகப் பலரும் விடுகிற இடங்கள்தான் இவை. 50-ஆம் எண்ணில் ஆல்ட்டோவும் டெனரும் பாடுகிற டூயட் போய்விட்டதே என்று எனக்கு இன்னும் வருத்தம். மேசியாவில் டூயட்டே அபூர்வம். வெட்டிய பக்கங்களைச் சிலர் கிளிப் போட்டு மூடினார்கள். வேண்டாம். இருட்டில் கிளிப் கழன்று கல் தரையில் விழுகிற சத்தம் கடைசி வரிசை வரை கேட்கும். வெட்டு தொடங்குகிற இடத்தில் பென்சிலால் ஒரு அம்பு, தாவ வேண்டிய பாட்டு எண். போதும்.

பென்சில் என்றால் ஹெச்பி இல்லை, டூ-பி. கறுப்பாகத் தெரியும், அழுத்தாமல் எழுதலாம், சுத்தமாக அழியும். மூச்சு வாங்கும் இடத்துக்குக் காற்புள்ளி. மூச்சு வாங்கக் கூடாத இடத்துக்கு இரண்டு நோட்டையும் சேர்க்கிற வளைகோடு. சொல் முடிகிற மெய்யெழுத்து எந்த அடியில் விழ வேண்டுமோ அந்த எண். நிமிர்ந்து கண்டக்டரைப் பார்க்க வேண்டிய இடத்தில் மூக்குக் கண்ணாடிப் படம். இங்கே எல்லாக் கொயரிலும் இந்த வழக்கம் உண்டு. என் புத்தகத்தில் இப்போது கண்ணாடிக் கடையே வைக்கலாம்.

நான்காம் எண், 'அண்ட் த குளோரி', கொயர் முதலில் வாய் திறக்கிற பாட்டு. மூன்றடித் தாளம், நல்ல நடை. அதில் வாக்கியம் முடிகிற இடங்களில் ஹேண்டல் ஒரு வேலை செய்வார்: இரண்டு பாரின் ஆறு அடிகள் மூன்று-மூன்றாகப் போவதை விட்டு, இரண்டு இரண்டாக மூன்று முறை விழும். ஹெமியோலா என்பார்கள். தாளில் மூன்றடி என்றே அச்சாகியிருப்பதால் கண் ஒன்று சொல்லும், காது இன்னொன்று சொல்லும். எங்கள் பேஸ் (ஆண்களின் அடிக்குரல்) குரல்காரர்கள் ஒவ்வொரு முறையும் அங்கே கனமாக உட்கார்ந்துவிடுவார்கள். அந்த ஆறு அடிக்கு மேலே மூன்று அடைப்புக்குறி போட்டுவிட்டுக் கையால் தட்டிப் பாடினோம். கர்நாடக சங்கீதத்தில் கொஞ்சம் காது பழகினவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. அக்கா முதல் தடவையே சரியாகத் தட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அதிக நேரம் தின்றது பன்னிரண்டாம் எண். 'நமக்கு ஒரு பாலகன் பிறந்தார்' என்று நம் வேதாகமத்தில் இருக்கிற ஏசாயா வசனம். நாங்கள் பாடுவது ஆங்கிலத்தில்: 'ஃபார் அண்டூ அஸ் எ சைல்ட் இஸ் பார்ன்'. அதில் 'பார்ன்' என்ற ஒரே சொல்லின் மேல் பதினாறாம் நோட்டுகள் (ஒரு அடிக்கு நாலு) வரி கணக்கில் ஓடும். இத்தனை லாவகமான ஓட்டம் ஒரு கொயருக்கு ஏன் வந்தது என்றால், ஹேண்டல் இதைக் கொயருக்கு எழுதவே இல்லை. 1741 ஜூலையில் இரண்டு தனிக்குரல்களுக்காக இத்தாலிய மொழியில் ஒரு காதல் டூயட் எழுதினார்: 'நோ, டி வோய் நொன் வோ ஃபிடார்மி', உன்னை நம்ப மாட்டேன் போ என்கிற பாட்டு. ஆகஸ்ட் 22-ஆம் தேதி மேசியாவைத் தொடங்கி செப்டம்பர் 14-இல் முடித்த வேகத்தில் அந்த இசையைத் தூக்கி இங்கே வைத்தார். 'நாமெல்லாரும் ஆடுகளைப்போல' என்ற 26-ஆம் எண்ணிலும் அதே டூயட்டின் இன்னொரு பகுதி இருக்கிறது. 'நோ' என்று அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் இப்போது 'ஃபார்' என்ற சின்னச் சொல் உட்கார்ந்திருக்கிறது. நோட்டு அழுத்தச் சொல்கிறது, பொருள் வேண்டாம் என்கிறது. 'ஃபார்' மேல் ஒரு சின்னக் குறி போட்டு, அதை விரல் நுனியால் தொட்டுவிட்டு 'சைல்ட்' வரைக்கும் போகச் சொன்னார் கண்டக்டர்.

ஓட்டத்தைப் பழகிய விதம்: பாதி வேகத்தில், சொல் இல்லாமல், 'டபடப' என்று வெட்டி வெட்டி. அது பழகினதும் நீளம்-குட்டை, நீளம்-குட்டை என்று நடையை மாற்றி. பிறகு தலைகீழாக, குட்டை-நீளம். நாலு நோட்டைக் கட்டாகப் பிடிக்காமல், ஒவ்வொரு கட்டின் இரண்டாம் நோட்டிலிருந்து அடுத்த கட்டின் முதல் நோட்டுக்குப் போவதாக நினைத்துக்கொள்ள வேண்டும். அதற்கும் பென்சில்தான்: பார் கோட்டைத் தாண்டி ஒரு வளைவு. கடைசியில் சொல்லைப் போட்டுப் பாடும்போது 'ஆ-ஹ-ஹ-ஹா' என்று ஒவ்வொரு நோட்டிலும் காற்று விடுவது பொதுவான குறை. சுத்தமாகப் பிரிந்தது போலத் தோன்றும், ஆனால் இரண்டு வரியில் மூச்சு தீர்ந்துவிடும். அகார சாதகம் பண்ணினவர்களுக்கு இந்தக் குறை இல்லை. அவர்களுக்கு வருவது வேறு குறை, இரண்டு சுரத்துக்கு நடுவில் குழைந்துவிடுவார்கள். அக்காவுக்கு அதுதான் வந்தது. "தம்பி, ஆட்டாமல் பாட எனக்குக் கை கட்டினது மாதிரிக் கிடக்கு" என்றார்.

எனக்குக் கைகொடுத்தது ஊரில் கற்ற டானிக் சொல்ஃபா. டோ, ரே, மி என்று எழுத்துகளிலேயே பாட்டைப் படிக்கிற முறை. 19-ஆம் நூற்றாண்டில் சாரா குளோவர் என்ற ஆசிரியை தொடங்கியதை ஜான் கர்வன் பரப்பினார். இங்கிலாந்தின் தொழிலாளர் கொயர்கள் அதை வைத்துத்தான் மேசியா பாடின. இப்போது இந்த ஊரில் அதைத் தெரிந்தவர்கள் அபூர்வம். எங்கள் பாளையங்கோட்டைப் பக்கத்து சர்ச்சுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஸ எந்தக் கட்டையில் இருந்தாலும் ஸ தான் என்பது போல, டோவும் பாட்டின் ஸ்ருதியோடு நகரும். நடுப்பாட்டில் ஸ்ருதி மாறுகிற இடங்களில் புதிய டோ எது என்று ஒரு எழுத்து எழுதி வைத்தால் தடுமாற்றம் இல்லை. பக்கத்து டெனர்கள் இருவர் என் புத்தகத்தைப் பார்த்து அதைக் காப்பி அடித்துக்கொண்டார்கள்.

டெனர் பஞ்சம் எல்லா ஊரிலும் உண்டு. ஆழமான குரல் உள்ள இரண்டு ஆல்ட்டோ பெண்களை எங்கள் வரிசைக்கு இழுத்தோம். 33-ஆம் எண் 'லிஃப்ட் அப் யுவர் ஹெட்ஸ்' பாட்டில் கணக்கு இன்னும் சிக்கலாகும். பெண்களின் மேல்குரலான சோப்ரானோ இரண்டாகப் பிரிய வேண்டும். ஆல்ட்டோக்கள் முதலில் மேல் கும்பலுக்கு அடிக்குரலாகவும், பிறகு கீழ்க் கும்பலுக்கு மேல்குரலாகவும் இருந்து இரண்டு பக்கமும் உழைக்க வேண்டும். யார் எந்தப் பக்கம் என்று ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியதும் வாக்குவாதம் நின்றது.

25-ஆம் எண்ணுக்கு வருகிறேன். 'அண்ட் வித் ஹிஸ் ஸ்ட்ரைப்ஸ்', எஃப் மைனரில் ஒரு பழைய பாணி ஃபியூக், குரல்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஒரே மெட்டை எடுத்து நுழைகிற வகை. முதல் நான்கு நோட்டுகள் சி, ஏ ஃபிளாட், டி ஃபிளாட், அங்கிருந்து ஒரே குதியாகக் கீழே ஈ. அந்தக் குதிதான் வில்லன். மொட்சார்ட்டின் ரெக்வியத்தில் (இறந்தோருக்கான ஆராதனை இசை) 'கிரியே' கேட்டிருந்தால் இதே உருவம் அங்கேயும் தெரியும். 1789-இல் மேசியாவைத் தன் காலத்து வாத்தியங்களுக்கு மாற்றி அமைத்தவர் அவர், ரெக்வியம் 1791. நாங்கள் ஈ-யை ஒவ்வொரு முறையும் தாழ்வாகப் பிடித்தோம். கண்டக்டர் சொன்ன வைத்தியம்: ஈ-யைத் தேடாதே, அதற்கு அடுத்து வரப்போகிற எஃப்-ஐ மனசுக்குள் பாடு, அதற்கு ஒரு மயிரிழை கீழே இறங்கு. புத்தகத்தில் ஈ-க்கு மேல் ஒரு மேல்நோக்கிய அம்பு வரைந்தோம். பலித்தது.

ஸ்ருதி இறங்குவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 46-ஆம் எண் அதை அம்பலப்படுத்திவிடும். 'சின்ஸ் பை மேன் கேம் டெத்' என்று கொயர் வாத்தியம் இல்லாமல் மெதுவாகப் பாடும். முடித்ததும் மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் வேகமாக நுழையும். ஒத்திகையில் பியானோக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டார். நாங்கள் உருகி உருகிப் பாடி முடித்தோம், நன்றாக இருந்ததாகத்தான் பட்டது. அவர் அடுத்த கார்டை, அதாவது பல சுரம் சேர்ந்து ஒலிக்கிற அடியை, அடித்தார். கால் கட்டைக்கு மேல் இறங்கியிருந்தோம். ஐம்பது அறுபது பேரும் ஒரே நேரத்தில் முகத்தைச் சுளித்தார்கள். காரணம் பெரிய மர்மம் இல்லை. மெதுவான பாட்டு, சன்னமான குரல், மூச்சுக்கு அடியில் தாங்கல் இல்லை, முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்கிறது. இறங்கு வரிசையில் ஒவ்வொரு படியையும் கொஞ்சம் பெரிதாக எடுத்து வைக்கிறோம். எழுந்து நின்று, இறங்குகிற படிகளைச் சின்னதாகவும் ஏறுகிற படிகளைத் தாராளமாகவும் நினைத்துப் பாடியதும் பெரும்பகுதி சரியானது. மிச்சத்துக்கு, வாரா வாரம் ஒத்திகை முடிவில் எல்லாரும் களைத்திருக்கும்போது இதைப் பாடிவிட்டு அந்தக் கார்டைக் கேட்பது என்று வைத்துக்கொண்டோம். வெட்கம் நல்ல வாத்தியார்.

ஆர்க்கெஸ்ட்ரா சின்னது: தந்தி வாத்தியங்கள், ஊது வாத்தியங்களில் இரண்டு ஓபோ, ஒரு பஸூன், இரண்டு டிரம்பெட், பிறகு டிம்பனி, பியானோவுக்கு முந்தைய தந்தி-கீபோர்டான ஹார்ப்சிகார்ட், தேவாலயத்து ஆர்கன். இது போதாது என்று சிலருக்குக் குறை. 1784-இல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து நடத்திய ஹேண்டல் நினைவு விழாவிலிருந்து மேசியா என்றால் கூட்டம்தான் என்று ஒரு எண்ணம் படிந்துவிட்டது. ஹேண்டல் காலத்தில் அப்படி இல்லை. லண்டனில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான ஃபவுண்ட்லிங் ஆஸ்பத்திரி என்ற காப்பகத்துக்காக 1754-இல் நடந்த நிகழ்ச்சியின் கணக்கு கிடைத்திருக்கிறது: கோரஸில் 19 பேர். எங்கள் கொயர் அதைப் போல மூன்று மடங்கு. அவர்கள் தொழில்முறைப் பாடகர்கள் என்பது வேறு விஷயம்.

இரவல் ஹார்ப்சிகார்டின் கீபோர்டை ஒரு கட்டை பக்கவாட்டில் நகர்த்தலாம். ஏ சுரம் விநாடிக்கு 440 அதிர்வு, அல்லது பழைய வாத்தியக்காரர்கள் இப்போது வைக்கிற 415. ஹேண்டல் வைத்திருந்த சுருதிக் கவை 422.5, இரண்டுக்கும் நடுவில். மேல் ஏ-யைப் பார்த்து மிரளுகிற எங்கள் சோப்ரானோக்கள் 415-க்கு ஓட்டுப் போட்டார்கள். ஆனால் ஆர்கன் 440, அதைத் தூக்கி நகர்த்த முடியாது. ஆகவே 440.

நிகழ்ச்சி நாள் காலை தேவாலயத்தில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. மதியம்தான் உயிர் வந்தது. குளிரில் ஸ்ருதி சேர்த்து வைத்த ஹார்ப்சிகார்ட், அறை சூடேறியதும் இறங்கிவிட்டது. உலோகத் தந்தி சூட்டில் நீண்டு தளரும். ஓபோவும் பஸூனும் நேர் எதிர், சூட்டில் ஏறும். இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் நடந்துகொண்டிருந்தால் கண்டக்டர் என்ன செய்வார்? ஹார்ப்சிகார்ட்காரர் தன் சாவியை எடுத்து உட்கார்ந்து, ஒவ்வொரு தந்தியாக மறுபடி முறுக்கினார். அவருக்கு முப்பது நிமிடம் முழு மௌனம் வேண்டும், சமோசா டப்பாவைக்கூடத் திறக்கக் கூடாது. இடைவேளையில் இன்னொரு தடவை. நிகழ்ச்சி நிரல் போடுகிறவர்கள் இந்த நேரத்தைக் கட்டாயம் ஒதுக்க வேண்டும். தேநீர் வரிசையைவிட இது முக்கியம்.

17-ஆம் எண் 'குளோரி டு காட்' பாட்டில்தான் டிரம்பெட் முதன்முதலில் வரும். அங்கே ஹேண்டல் 'தூரத்திலிருந்து, கொஞ்சம் சன்னமாக' என்று இத்தாலியனில் எழுதி வைத்திருக்கிறார். வானத்திலிருந்து தூதர்கள் வருகிற இடம் அல்லவா. முதலில் டிரம்பெட்காரர்களைப் பின்பக்க அறைக்குள் கதவைத் திறந்து வைத்து நிறுத்தினோம். அந்த அறை ஐஸ் பெட்டி, பித்தளை குளிர்ந்து ஸ்ருதி இறங்கியது, கண்டக்டரும் தெரியவில்லை. பிறகு பின்னால் உள்ள மாடிக்கு ஏற்றினோம். அங்கே வேறு சிக்கல்: மேடையிலிருந்து இருபத்தைந்து மீட்டர் தள்ளி. ஒலி அந்தத் தூரத்தைக் கடக்கச் சுமார் 0.07 விநாடி. காதால் கேட்டு ஊதினால் போக ஒரு தரம், வர ஒரு தரம் என்று தாமதம் இரட்டிப்பாகும். காதை மூடிக்கொண்டு கம்பை மட்டும் பாருங்கள், கொஞ்சம் முந்துவதாகத் தோன்றினாலும் கவலைப்படாதீர்கள் என்று கண்டக்டர் சொன்னார். வாசிக்காத நேரத்தில் வாத்தியத்துக்குள் சத்தமில்லாமல் சூடான மூச்சை விட்டுக்கொண்டே இருந்தார்கள். சபையில் பாதிப் பேர் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கழுத்தைத் திருப்பித் தேடினார்கள். அந்த ஒரு நிமிடத்துக்காக ஏற்றின மாடிப்படி அத்தனையும் தகும்.

எழுந்து நிற்பதும் ஒத்திகை பார்க்க வேண்டிய விஷயம். மேய்ப்பர்கள் பகுதியில் சோப்ரானோ தனிக்குரல் பாடி முடித்த அடுத்த நொடி கொயர் தொடங்க வேண்டும். அப்போது அறுபது நாற்காலி கிரீச்சிட்டால் தூதர்கள் வந்த வழியே திரும்பிப் போய்விடுவார்கள். ஆகவே 13-ஆம் எண் இசை மட்டும் ஓடுகிறபோதே அதன் கடைசியில் எழுந்து நின்றுவிட்டோம். 'நில்', 'உட்கார்' எல்லாம் புத்தகத்தில் பெரிய எழுத்தில், பக்கத்தின் மேல் ஓரத்தில். பாட்டின் தலைப்பில் எழுதினால் பயன் இல்லை, அதற்கு முந்தின பாட்டின் முடிவில் எழுத வேண்டும்.

'அல்லேலூயா'வுக்குச் சபை எழுந்து நின்றது. இரண்டாம் ஜார்ஜ் மன்னர் எழுந்ததால் வந்த வழக்கம் என்பார்கள். அந்தக் கதையைச் சொல்லும் முதல் கடிதம் 1780-இல் எழுதப்பட்டது, நேரில் பார்த்தவர் யாரும் அப்போது எழுதி வைக்கவில்லை. நிற்கட்டும், கால் மரத்துப் போயிருக்கும். எங்கள் கவலை வேறு: கடைசி அல்லேலூயாவுக்கு முன்னால் வருகிற மௌனம். அதுவரை வரிசையாக அல்லேலூயா அடித்துக்கொண்டு வந்த வேகத்தில் ஒருவர் சும்மா ஒன்று கூடுதலாகப் போட்டுவிட்டால் ஆயுசுக்கும் அந்தப் பெயர் நிற்கும். எல்லார் புத்தகத்திலும் அங்கே பென்சிலால் செங்கல் சுவர் வரைந்திருந்தது, சிலர் முள்வேலியும் போட்டிருந்தார்கள். யாரும் குதிக்கவில்லை.

'ஆமென்' பாட்டுக்கு வரும்போது எல்லாருக்கும் தொண்டை வறண்டுவிடும். பேஸ் தனியாகத் தொடங்கி, டெனர், ஆல்ட்டோ, சோப்ரானோ என்று குரல் குரலாக ஏறும். நடுவில் வயலின்கள் மட்டும் தனியாக அதே மெட்டை எடுக்கும். அந்த இடத்தை ஓய்வு என்று நினைக்காதீர்கள். எச்சில் விழுங்கி, தோளைத் தளர்த்தி, அடியை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் திரும்ப நுழைகிற இடம் முழுக் குரலில். கடைசியில் வருகிற மெதுவான பகுதிக்கு (அடாஜியோ) முன்னால் இங்கேயும் ஒரு மௌனம் உண்டு. இங்கேயும் சுவர் வரையவும்.

மறுநாள் வாடகைக்கு வந்த வாத்தியப் பிரதிகளைத் திருப்பி அனுப்பும் வேலை. குறிகளை அழித்துத்தான் அனுப்ப வேண்டும் என்பது விதி. எங்களுக்கு வந்தபோது மட்டும் முந்தின குழுக்களின் வில் குறிகள் ஒன்றின் மேல் ஒன்றாக அப்படியே இருந்தன. ஒரு வயலின் பிரதியில் ஒரே நோட்டுக்கு மேல்வில்லும் கீழ்வில்லும். நாலு பேர் சர்ச் ஹாலில் உட்கார்ந்து ரப்பர் தேய்த்தோம். மென்மையான வெள்ளை ரப்பர் வாங்குங்கள், பென்சில் முனையில் இருக்கிற சிவப்பு ரப்பர் தாளைக் கிழிக்கும்.

கடைசியாக, தேதி முடிவானதும் முதலில் டிரம்பெட்காரர்களைப் பிடியுங்கள். டப்ளினில் முதல் நிகழ்ச்சி நடந்தது 1742 ஏப்ரல் 13 என்றாலும், இப்போது எல்லா ஊரும் டிசம்பரில்தான் மேசியா பாடுகிறது. முகூர்த்த மாதத்தில் நாதஸ்வரக்காரர் கிடைக்காத கதைதான். எங்கள் செயலாளர் கெட்டிக்காரி, இடைவேளையிலேயே மாடிப்படி ஏறிப் போய் அவர்கள் இருவரிடமும் அடுத்த வருடத்துக்கு வாக்கு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.